காட் முடியப்போகுது, ஆள் மட்டக்களப்பில்: எந்த வழியால் கனடா திரும்புவது?

கல்லடி, களுவாஞ்சிக்குடி, காரைதீவு, தம்பிலுவில் என்று எந்த ஊரை எடுத்தாலும் இப்படி ஒருவர் இருப்பார். கனடாவில் பிஆர் கிடைத்தது, கொஞ்சக் காலம் இருந்தார், அம்மாவுக்குச் சுகமில்லை என்றோ காணிப் பிரச்சினை என்றோ ஊருக்கு வந்தார், வந்த இடத்தில் வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது நிரந்தர வதிவிட அட்டை, அதாவது நாமெல்லாம் சொல்லும் பிஆர் காட், முடியப்போகிறது அல்லது முடிந்தே விட்டது. "போட்டா மறுத்திருவாங்களோ?" என்ற பயத்தில் சிலர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்கள். வேறு சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு, அவசர அவசரமாக ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்தால்தான் எனக்குக் கூடுதல் கவலை.

காட் வேறு, பிஆர் அந்தஸ்து வேறு. காட்டின் திகதி முடிந்ததால் மட்டும் அந்தஸ்து போய்விடாது. வதிவிடக் கடமையை மீறினீர்கள் என்று ஓர் அதிகாரி தீர்மானித்து, மேன்முறையீட்டுக் காலமும் கடந்து அது இறுதியானால் போகும். வெளியேற்றும் உத்தரவு நடைமுறைக்கு வந்தால் போகும். நீங்களே எழுதிக் கொடுத்துக் கைவிட்டால் போகும். அகதிப் பாதுகாப்பு ரத்தானால் போகும். அதைப் பற்றிக் கீழே தனியாக. ஆகவே இங்கே உண்மையில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கோப்பை எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஓர் அதிகாரியின் முன்னால் வைக்கப் போகிறீர்கள்?

முதலில் நாளை எண்ணுங்கள்

ஐந்து வருஷத்துக்குள் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். வதிவிடக் கடமை என்பது இதுதான். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. போய் இறங்கிய நாள், புறப்பட்ட நாள் இரண்டும் முழு நாளாகவே எண்ணப்படும். இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது, எந்த ஐந்து வருஷம் என்பது. பிஆர் ஆகி ஐந்து வருஷம் கடந்தவருக்கு, அதிகாரி பார்க்கிற அன்றிலிருந்து பின்னோக்கி ஐந்து வருஷம் மட்டுமே கணக்கு. ஐந்து வருஷம் ஆகாதவருக்கு, மிச்சமிருக்கிற நாட்களையும் சேர்த்து 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2023 மார்ச் 10ஆம் திகதி பிஆராகக் கனடாவில் இறங்கினார், 2024 ஜூன் 20ஆம் திகதி ஊருக்குப் புறப்பட்டார் என்று வையுங்கள். அது 469 நாள். 730க்கு இன்னும் 261 நாள் வேண்டும். முதல் ஐந்து வருஷம் 2028 மார்ச் 9ஆம் திகதியோடு முடிகிறது. அப்படியானால் 2027 ஜூன் 23ஆம் திகதிக்குள் அவர் திரும்ப இறங்கி, பிறகு அசையாமல் இருந்தால் கடமை சரி. மூன்று வருஷம் ஊரில் நின்றவருக்குக்கூட ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதே ஆள், காட்டில் 2028 நடுப்பகுதி வரை திகதி இருக்கிறதே என்று ஆறுதலாக 2028 மேயில் போனால் கதை வேறு. காட்டின் திகதியும் நாள் கணக்கும் சேர்ந்து ஓடுவதில்லை. காட் செல்லும், நாள் போதாது என்ற நிலை தாராளமாக வரும்.

வெளியே இருந்த நாட்களும் சிலருக்குக் கணக்கில் சேரும். கணவனோ மனைவியோ கனடியப் பிரஜையாக இருந்து, இருவரும் மட்டக்களப்பில் ஒரே வீட்டில் குடியிருந்தால், பிஆராக உள்ளவருக்கு அந்த நாட்கள் எண்ணப்படும். கனடிய நிறுவனம் ஒன்று முழுநேர வேலைக்கு இங்கே அனுப்பியிருந்தாலும் அப்படித்தான். ஆனால் இந்தப் பக்கம் அடிக்கடி காதில் விழும் ஒரு வாதம் இருக்கிறது: "பிள்ளை கனடாவில் பிறந்த சிட்டிசன், நான் பிள்ளையோடதானே இங்க இருந்தன்." அது எண்ணப்படாது. பிஆரான பிள்ளை, பிரஜையான தாய் தகப்பனோடு வெளியே இருந்தால் பிள்ளைக்குச் சேரும். மறுவளமாக இல்லை. எத்தனை பேர் இந்த நம்பிக்கையிலேயே நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைக்கப் பாவமாக இருக்கிறது.

நாள் எண்ணுவதற்கு ஞாபகத்தை நம்பாதீர்கள். கடவுச்சீட்டில் கட்டுநாயக்க முத்திரைகளைப் பாருங்கள், பழைய கடவுச்சீட்டையும் எடுங்கள். கனடா எல்லைச் சேவை, உள்ளே வந்த விவரத்தோடு, 2020 நடுப்பகுதியிலிருந்து விமானத்தில் வெளியே போன விவரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. உங்கள் கணக்கு அவர்களுடைய கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

காட்டில் இன்னும் திகதி இருந்தால்

இவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: டிக்கெட்டைப் போடுங்கள். நாள் குறைவாக இருந்தாலும்தான்.

செல்லுபடியான காட்டோடு போகிறவரை விமான நிறுவனம் தடுக்காது. ரொறன்ரோவில் இறங்கியதும் அதிகாரி "எவ்வளவு காலம் வெளியே இருந்தீர்கள்?" என்று கேட்கலாம், கேட்காமலும் விடலாம். கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பொய் சொல்லிப் பிடிபட்டால் ஐந்து வருஷத் தடை வரை போகும். நாள் குறைவை மன்னிக்க இடமிருக்கிறது, பொய்யை மன்னிப்பது மிகக் கடினம். நாள் போதாது என்று அவர் அறிக்கை எழுதினாலும் உங்களை அங்கிருந்தே திருப்பி அனுப்ப முடியாது. பிஆர் என்று உறுதியானவருக்கு உள்ளே வர உரிமை உண்டு. வெளியேறும் உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அதுவரை அந்தஸ்து இருக்கும், ஒரு வருஷத்துக்கான காட்டும் எடுக்கலாம், வேலை செய்யலாம். வழக்கறிஞர் பக்கத்தில், பிள்ளைகள் பக்கத்தில்.

அறிக்கை எழுதாமல் விட்டால் அதுதான் பெரிய அதிர்ஷ்டம். அதன்பிறகு கனடாவை விட்டு அசையாமல், கடைசி ஐந்து வருஷத்தில் 730 நாள் நிறையும் வரை இருக்க வேண்டும். இடையில் காட் முடிந்தால் முடியட்டும். உள்ளே இருக்கிறவருக்கு அதனால் அந்தஸ்து போகாது. வேலை, வங்கி என்று சில இடங்களில் கரைச்சல் வரும், தாங்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் கவனம்: அறிக்கை எழுதப்பட்டுவிட்டால், அதற்குப் பிறகு கனடாவில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது, அந்த அறிக்கை தள்ளுபடியானால் ஒழிய.

புதுப்பிக்கும் விண்ணப்பம் எப்போது? நாள் நிறைந்த பிறகு. முன்னாடியே போட்டால் உங்கள் குறைவை நீங்களே கொண்டுபோய் மேசையில் வைப்பதாகத்தான் ஆகும். படிவம் 5444, கட்டணம் 50 டொலர், காட்டில் ஒன்பது மாதத்துக்குக் குறைவாகத் திகதி இருக்கும்போது போடலாம். நிராகரிப்புப் பயம் நியாயமாக வர வேண்டியது நாள் குறைந்தவருக்கு மட்டுமே. நாள் நிறைந்திருந்து, கடவுச்சீட்டுப் பக்கங்களும் வரிக் கணக்கும் ஒத்துப்போகிறவருக்குத் தாமதம் ஆகலாம், கூடுதல் கேள்வி வரலாம், அவ்வளவுதான். படம் 50க்கு 70 மில்லிமீற்றர். நம் ஸ்டூடியோக்களில் வழக்கமாக வெட்டித் தரும் கடவுச்சீட்டு அளவு அதற்குச் சரிவராது.

இந்த விண்ணப்பத்தைக் கனடாவுக்குள் இருந்துதான் போட வேண்டும். காட்டை வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பவும் மாட்டார்கள். "ஸ்காபரோவில மச்சான் இருக்கிறார், அவர் அங்கயிருந்து போட்டு, வந்ததும் ஆளிட்ட குடுத்து அனுப்புவார்" என்ற ஐடியா நம் ஊரில் நன்றாகவே ஓடுகிறது. நேரில் வந்து எடுங்கள் என்று அழைத்தால் மச்சான் என்ன செய்வார்? கனடாவில் இருக்கிறேன் என்று கையெழுத்து வைத்த ஆள் மட்டக்களப்பில் இருந்தார் என்பது வெளியேறும் பதிவிலேயே தெரிந்துவிடும். நாள் குறைவு என்ற சின்னப் பிரச்சினை, பொய்த் தகவல் என்ற பெரிய பிரச்சினையாக மாறும்.

காட் முடிந்துவிட்டது, ஆள் இங்கே

இப்போது விமானத்தில் ஏற வழி பயண ஆவணம்தான். படிவம் 5524, கட்டணம் அதே 50 டொலர். கிடைத்தால் கடவுச்சீட்டில் ஒட்டித் தருவார்கள், பொதுவாக ஒரு தடவை போவதற்கு. காட் தொலைந்தவர்களுக்கும் இதே வழி. காட் கையில் இல்லாமல் வெளிநாட்டில் நிற்பவருக்கு அந்தஸ்து இல்லை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

நாள் நிறைந்தவருக்கு இது கிட்டத்தட்ட அலுவலக வேலை. கணவன் அல்லது மனைவி பிரஜை என்பவருக்கும் வழி நேராகவே இருக்கிறது, ஒன்றாகக் குடியிருந்ததைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நாள் குறைந்தவருக்கு இதுதான் மிக ஆபத்தான கதவு. காரணம், இந்த விண்ணப்பத்தைப் போட்டவுடன் அதிகாரி உங்கள் வதிவிடக் கடமையைப் பற்றித் தீர்மானம் எடுத்தே ஆக வேண்டும். இல்லை என்று வந்தால், எழுத்தில் முடிவு கிடைத்து 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தஸ்து அதோடு முடிந்தது. செய்தாலும், கனடாவில் நடக்கும் வழக்கை நீங்கள் இங்கிருந்து நடத்த வேண்டும். இதில் ஒரு சலுகை உண்டு, பலருக்குத் தெரியாது: கடந்த 365 நாளுக்குள் ஒரு தடவையாவது கனடாவில் நின்றிருந்தால், மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பயண ஆவணம் கேட்டு வாங்கிப் போகலாம். ஒரு வருஷம் கடந்துவிட்டால் அது இல்லை. அதனால், போன மாசி வரை கனடாவில் நின்றவரும் நாலு வருஷமாக வாகரையில் இருப்பவரும் ஒரே ஆலோசனையைக் கேட்டு நடக்க முடியாது.

மிச்சம் இருப்பது மனிதாபிமானக் காரணம். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்பதுதான் இங்கிருந்து போகிற கோப்புகளில் அதிகம் பார்ப்பது. உண்மையான காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதிகாரியின் கேள்விகள் வேறு திசையில் போகும். வேறு சகோதரங்கள் இல்லையா? இருந்தால் ஏன் நீங்கள்? அம்மா காலமான பிறகு எத்தனை மாதம் நின்றீர்கள், ஏன் உடனே திரும்பவில்லை? கனடாவில் உங்களுக்கு என்ன இருக்கிறது: வீடு, வேலை, பிள்ளை? நாள் எவ்வளவு குறைவு, 50 நாளா, 600 நாளா? இந்த முடிவால் பாதிக்கப்படும் பிள்ளை உண்டா? பிள்ளையின் நலன் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்ட விஷயம், அதற்குத் தனி எடை உண்டு.

"அம்மாவுக்குச் சுகமில்லை" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினால் போதாது. போதனா வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியை அப்படியே பிரதி எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நீரிழிவுக்கு டீஎம், இரத்த அழுத்தத்துக்கு எச்ரீ என்று இரண்டெழுத்தில் கிறுக்கியிருப்பது கனடிய அதிகாரிக்கு என்ன விளங்கும்? சிகிச்சை பார்த்த வைத்திய நிபுணரிடம் தட்டச்சுச் செய்த ஒரு கடிதம் வாங்குங்கள்: என்ன நோய், எப்போதிருந்து, தனியாக எழும்பி நடக்க முடியுமா, கூட ஒருவர் நிற்க வேண்டிய அளவா. வார்ட்டிலிருந்து வரும்போது தந்த டயக்னோசிஸ் காட்களைத் திகதி வரிசையில் அடுக்குங்கள். வீட்டில் யார் யார் என்பதற்கு ஜீ.எஸ். கடிதம், அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வேண்டும். மரணச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். பிறகு, திரும்பிப் போக முயன்றதற்கு அடையாளம்: போட்டுப் பின் ரத்துச் செய்த டிக்கெட், அங்கே விடாமல் கட்டிவந்த வாடகை, வரிக் கணக்கு. இந்தக் கடைசிப் பகுதிதான் அநேகமாக எல்லாக் கோப்பிலும் வெறுமையாகக் கிடக்கிறது. அது வெறுமையாக இருக்கும் வரை கோப்பை அனுப்ப வேண்டாம் என்பதே என் எண்ணம்.

அமெரிக்கா வழியாக

கேட்டால் சினிமாக் கதை மாதிரி இருக்கும், ஆனால் சட்டப்படியான வழிதான். காட் அல்லது பயண ஆவணம் இல்லாமல் கனடாவுக்குப் போகும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தரை எல்லையில், தனிப்பட்ட காரில் போனால் அந்தத் தடை இல்லை. பஃபலோவிலிருந்து பீஸ் பிரிஜ் பாலத்தைக் கடந்தால் போர்ட் ஈரி. முடிந்த காட்டையும், முதலில் பிஆர் ஆனபோது தந்த லேண்டிங் பேப்பரையும் காட்டி, பிஆர் என்று அதிகாரி திருப்திப்பட்டால் உள்ளே விட வேண்டும். உள்ளே நடக்கிற விசாரணை விமான நிலையத்தில் நடப்பதுதான். அறிக்கை எழுதப்படும் வாய்ப்பும் அப்படியே இருக்கிறது. ஆனால் பயண ஆவணம் மறுக்கப்பட்டு ஊரில் 60 நாளை எண்ணிக்கொண்டு இருப்பதைவிட, கனடாவுக்குள் இருந்து மேன்முறையீடு செய்வது எவ்வளவோ மேல்.

தடங்கல் அமெரிக்க விசாதான். இலங்கைக் கடவுச்சீட்டோடு அது இலேசில் கிடைக்காது, விண்ணப்பத்திலேயே வேறு நாட்டில் நிரந்தர வதிவிடம் உண்டா என்று கேட்கிறார்கள், உள்ளதைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கடவுச்சீட்டில் அமெரிக்க விசா இருப்பவருக்கு இதை முதல் வழியாகச் சொல்வேன். இல்லாதவர் இதற்காகவே வரிசையில் போய் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அகதியாகப் போய் பிஆர் எடுத்தவர்கள்

இவர்கள் மேலே சொன்ன எதையும் தொட முன்னர் இதை வாசிக்க வேண்டும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்ட மாற்றத்தின் பிறகு, அகதியாக ஏற்கப்பட்டவர் விட்டு வந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் பெற்றார் என்று தீர்மானித்தால், அகதிப் பாதுகாப்போடு பிஆர் அந்தஸ்தும் சேர்ந்து போகும். இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தது, அதில் இலங்கைக்கே வந்தது, இங்கே மாதக்கணக்கில் குடியிருந்தது எல்லாம் அதற்கு ஆதாரமாக வைக்கப்படக்கூடியவை. 730 நாள் நிறைந்திருந்தாலும் இதிலிருந்து காப்பு இல்லை. இதற்கு அந்த மேன்முறையீட்டுப் பிரிவும் கிடையாது, கூட்டாட்சி நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மறுபரிசீலனைக்குத்தான் போகலாம்.

போரின் காலத்தில் படுவான்கரையிலிருந்தும் எழுவான்கரையிலிருந்தும் போனவர்களில் அகதிக் கோரிக்கை வழியாகப் பிஆர் எடுத்தவர்கள் நிறைய. குடியுரிமை எடுத்தவர்களை இது தொடாது. எடுக்காமல் பிஆரோடு நின்றுவிட்டவர்கள், "இப்ப நாட்டில பிரச்சினை இல்லைதானே" என்று வந்து போகிறார்கள். பயண ஆவணத்துக்கோ புதுக் காட்டுக்கோ படிவம் நிரப்பும்போது எந்த நாட்டில் எத்தனை நாள் நின்றீர்கள் என்று அவர்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். குடியுரிமை விண்ணப்பம் போட்டாலும், ஐந்து வருஷத்தில் 1,095 நாள் நிறைந்திருந்தாலும், இந்த விசாரணை முடியும் வரை அதை நிறுத்தி வைக்கலாம். 2022இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்த விஷயத்தில் ஆளின் உண்மையான எண்ணத்தையும் அறிவையும் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னது. அதனால் வாதாட இடம் இருக்கிறது. ஆனால் வாதாட வேண்டியது கனடிய வழக்கறிஞர், அதுவும் படிவம் போவதற்கு முன்னால் கதைத்துவிட வேண்டும். ஊர்ச் சந்தியில் பலகை மாட்டியிருக்கும் ஏஜென்சிக்கு இது வேலையில்லை.

கொடுத்துவிட்டு வேறு விசா எடுப்பது

இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். இருந்தாலும் ஒரு வகை ஆட்களுக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன்: பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட அம்மா அப்பாக்கள். ஒரு பனிக்காலம் பார்த்ததும் போதும் என்று வந்துவிட்டார்கள். மாமாங்கத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், வீட்டு முற்றம் இவைதான் அவர்களுக்கு வாழ்க்கை. பேரப்பிள்ளையைப் பார்க்க வருஷத்தில் நாலு மாதம் போய் நின்றால் போதும். அவர்களால் 730 நாள் ஒருபோதும் நிறையாது. பிள்ளைகள்தான் "பிஆரை விட்டிராதீங்கம்மா" என்று பிடிக்கிறார்கள்.

பெற்றோருக்கும் பேரன் பேத்தி உள்ளவர்களுக்குமான நீண்டகால வருகை விசாவான சுப்பர் விசா எடுத்தால் ஒரு தடவைக்கு ஐந்து வருஷம் வரை நிற்கலாம், பல தடவை போய் வரலாம், நாள் எண்ணத் தேவையில்லை. பிள்ளையின் வருமானம் போதுமான அளவு இருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குக் குறைந்தது 100,000 டொலருக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. எழுபது கடந்தவருக்கு அந்தக் காப்புறுதிப் பணம் கடிக்கும். பிஆராக இருந்தால் ஒன்டாரியோவில் ஓஹிப், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி, கிடைக்குமே என்று கேட்கலாம். அதற்கும் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் அங்கே நிற்க வேண்டும். முதியோர் பணத்துக்குப் பத்து வருஷ வதிவிடம் வேண்டும். நாலு மாதம் நின்று வருபவருக்கு இரண்டும் எட்டாது.

ஆனால் திரும்பிவர முடியாத வழி இது. பிஆராக இருக்கும்போது வருகையாளர் விசா தரமாட்டார்கள், முதலில் கைவிட வேண்டும். கைவிட்ட பிறகு விசா மறுக்கப்பட்டால் கையில் ஒன்றும் இல்லை. மறுகா ஸ்பொன்சர் பண்ணலாம் என்று நினைத்தால், பெற்றோர் திட்டத்துக்கு 2020இல் பதிந்தவர்களின் பட்டியலிலிருந்தே வருஷக் கணக்கில் அழைத்து வந்தார்கள். வேலை செய்யும் வயதில் உள்ள ஒருவர், நாள் குறைவு என்ற பயத்தில் மட்டும் இந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது. விமானத்தில் ஏற்ற மறுக்கிறார்கள், அவசரமாகப் போக வேண்டும் என்ற நெருக்கடியில் கையெழுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எந்த வழியானாலும், படிவத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். நம் பக்கம் நிரப்பித் தருகிறவர் தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவரின் மறுப்புக் கடிதம் அப்படி ஓர் ஏஜென்சிக்காரரின் பெட்டியில் கிடந்தது, அவர் பெருநாள் விடுமுறையில் இருந்தார். கடிதம் ஆளின் கைக்கு வரும்போது 60 நாளில் பாதி போயிருந்தது.